பங்களா வாசலில் வெள்ளை

12.03.2007, திங்கள்

விடிய பயங்கரக் குளிர். புல்லெல்லாம் வெள்ளை. ஒன்பது மணிக்குத்தான் வெயில் எட்டிப் பார்த்தது.

லொறி வரவில்லை. கொழும்பிலிருந்து ரெசின் பசை ட்ரம் ஏழு, காலையிலேயே வரவேண்டியது. ட்ரைவர் ஃபோன் எடுக்கவில்லை. திட்டினேன், ஃபோனைத்தான்.

ஐயா நேற்றுக் கேட்டார், பங்களாவுக்குக் கார் ஏறுகிற பாதைக்கு எந்தத் தரை எத்தனை காலம் நிற்கும், ஒரு தாளில் எழுதித் தாரும் என்று. ஐயா என்றால் இந்தப் பழைய தோட்டத்துப் பங்களாவை வாங்கி ஹோட்டல் ஆக்குகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனில் இருபது வருஷம் எஞ்சினியர். ரெசின்தான் என்று முடிவு பண்ணி, லொறியையும் கிளப்பியாச்சு. அப்புறம் எதற்கு என் தாள்? சரி, முதலில் இங்கே கிறுக்கிப் பார்க்கிறேன்.

தார் - இந்த ஏற்றத்துக்கு இரண்டு மழைக்காலம். ஓரம்தான் முதலில் பிய்யும். பெக்டரி ரோட்டைப் பார்த்தால் போதும். ஓரத்து வடிகால் கான் அடைத்துத் தண்ணீர் மேலே ஓடினால் ஒரே மழையில் போச்சு.

கொங்கிரீட் - நிற்கும். ஆனால் வெடிக்கும், பாசி பிடிக்கும். போன வருஷம் கணக்கப்பிள்ளை பைக்கோடு படுத்தது கொங்கிரீட்டில்தான்.

இன்டர்லொக் கல் - அழகு. சவுக்கு வேர் தூக்கிவிடும். ஒரு கல் போனால் ஒரு கல்லை மட்டும் மாற்றலாம். பெரிய நன்மை அது.

கிறவல் - சரளை மண்தான், ஒவ்வொரு மழைக்கும் பாதி கானுக்குள்.

வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் பதிப்பு - பங்களாவுக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது, அசையவில்லை. காரில் போனால் முதுகு அசையும்.

ரெசின் - ? சின்னக் கூழாங்கல்லைப் பசையில் பிசைந்து பரப்புவது. தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், தேங்காது, பாசி குறைவு என்கிறார்கள். ஐயாவின் லண்டன் வீட்டு வாசலில் ஏழு வருஷமாய்க் கிடக்கிறதாம். நான் போட்டது ஒரே தடவை, கம்பெனிக்காரன் பழக்கிக் கொடுத்த இரண்டு நாளில். அது கொழும்பு. அங்கே வெயில்.

24ஆம் திகதி முதல் விருந்தாளிகள். ஏப்ரல் சீசன் வரைக்கும் அறை எல்லாம் புக்கிங். கண்டியிலிருந்து என் கொந்தராத்து முதலாளி ஃபோனில்: "இது கெட்டுப்போச்சுன்னா அடுத்த சைட்டுக்கு உன்னைய நெனைக்கவே மாட்டேன், பாத்துக்க." நான் சுப்பவைசராய் இருந்த கொந்தராத்துக்காரர்களில் இவர் நல்லவர். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறார்.

பாக்கியம் அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "என்னா தம்பி, மூஞ்சி சுண்டிக் கெடக்கு? லொறி வராட்டிப் போகுது. லொறியையா கட்டிக்கப் போறீங்க?"

நான் பிறந்த லயத்து வீட்டு வரிசையில் எங்களுக்கு அடுத்த காம்பரா அக்காவுடையது. அம்மா கொழுந்து பறிக்கப் போனால் நான் அக்கா இடுப்பில். எனக்கு முப்பத்தெட்டாகியும் அவளுக்கு நான் தம்பிதான், ஆட்கள் முன்னாலும். தோட்டத்து வேலையிலிருந்து அவள் பேரை வெட்டியாச்சு. புருஷன் கை கால் இழுத்துப் படுக்கை. இந்தப் பங்களாவில் கூட்டித் துடைக்கிற வேலையை நம்பித்தான் அவள் வீட்டு அடுப்பு.

13.03, செவ்வாய்

லொறியைச் சோதனைச்சாவடியில் பிடித்து வைத்திருக்கிறார்கள். ட்ரைவர் கடைசியாக ஃபோன் எடுத்து அழாத குறை. இரண்டு பஸ் மாறிப் போனேன்.

ஏழு ட்ரம்மும் ரோட்டோரத்தில் வரிசையாக. மேலே நெருப்புப் படம் போட்ட லேபல். சண்டைக் காலத்தில் தமிழன், கெமிக்கல், லொறி. வேறென்ன வேண்டும்?

"மேவா மொனவாத?" - இதெல்லாம் என்ன என்று கேட்டான் ஆமிக்காரப் பையன். ரோட்டுக்குப் போடுகிற பசை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். ரோட்டுக்குத் தார்தானே போடுவார்கள் என்றான். நியாயமான கேள்வி. என் ஐடென்டி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தோட்டத்து விலாசம்.

மூன்று மணிநேரம் நிற்கவைத்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. பையில் மாதிரித் துண்டு ஒன்று இருந்தது, கம்பெனி கொடுத்தது, உள்ளங்கை அகலம். பெரிய அதிகாரி வந்ததும் அதை நீட்டினேன். அவர் தரையில் வைத்து பூட்ஸால் மிதித்தார். பிறகு ரோட்டோரக் கல்லை எடுத்து ஓங்கி ஒரு போடு. அடித்த கல்தான் சில்லு போனது. எல்லோரும் சிரித்தார்கள். நான் கடைசியாகச் சிரித்தேன். "ஹொந்தய், ஹொந்தய்" - நல்லது, நல்லது என்று லொறியை விட்டார்கள். மாதிரித் துண்டைத் திருப்பித் தரவில்லை.

இருட்டுகிற நேரம் வந்து சேர்ந்தோம். இரண்டு நாள் போச்சு.

14.03, புதன்

மத்தியானம் வரை மூட்டம். கலக்கவேண்டிய கூழாங்கல் எல்லாம் ஈரம்.

ரெசின் கம்பெனி கொடுத்த தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இருக்கிறது. கல் காய்ந்திருக்கணும். அடித்தளம் காய்ந்திருக்கணும். மழையிலோ பனியிலோ போடக்கூடாது. போட்ட இடம் இறுகும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, பட்டால் பசை நுரைத்து வெள்ளை பாயும். பாய்ந்தால் போகாது, வெட்டித்தான் எடுக்கணும். இந்த ஊரில் எது காய்ந்திருக்கிறது? போட்டிருக்கிற சட்டையே காயவில்லை.

பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற தட்டில் கல்லைப் பரப்பக் கேட்டுப் பார்த்தேன். டீமேக்கர் என்னைப் பார்த்த பார்வை! விட்டுவிட்டு வந்தேன். பெருமாள்தான் வழி சொன்னான். என் ஆட்களில் அவன் ஒருவனுக்குத்தான் தலையில் மூளை. "வறுத்துருவோம்ணே." பழைய கூரைத் தகரம், கீழே சவுக்கு விறகு, மேலே கல். கச்சான் கடலை வறுக்கிற மாதிரி மண்வெட்டியால் புரட்டிப் புரட்டி, நாள் முழுக்க. பாக்கியம் அக்கா வந்து பார்த்து, "உப்பு போட்டீங்களா?" என்றாள். சாயங்காலம் கல் மணி மணியாகச் சத்தம் போட்டது. தார்பாய் போட்டு மூடியாச்சு.

நாளைக்குக் காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் இரண்டு மணிக்கு முடியும். மூன்றரைக்குமேல் மூட்டம் இறங்கும். ஒரு வாரமாகக் கவனித்து வைத்திருக்கிறேன்.

15.03, வியாழன்

கரண்ட் இல்லை. காலை ஏழிலிருந்து.

மிக்சர் ஓடாது. ஜெனரேட்டர் தேடி அலைந்து, வந்து, ஸ்டார்ட் ஆகி, பதினொன்றே முக்கால். கீழ் வாசலிலிருந்து மேலே போட்டுக்கொண்டு வந்தோம். அழகாக வந்தது. தேன் நிறம். பெருமாள் கரண்டி இழுக்கிற கை அபாரம். போடுகிறபோது பயமே மறந்துபோச்சு, உண்மையைச் சொன்னால் பாடிக்கூட இருப்பேன்.

மூன்றே முக்கால். பாக்கி போர்ட்டிகோ முன்னால் ஒரு துண்டு, எட்டடி நீளம். சவுக்கு மரத்து உச்சி காணாமல் போக ஆரம்பித்துவிட்டது. நிறுத்தி, மூட்டு விட்டு, நாளைக்குப் போடலாம். கையைத் தூக்கினேன் நிறுத்தச் சொல்லி, பெருமாள் ஓரத்தை நேராய் வெட்டிவிட்டான். அப்போது ஐயா கொழும்பிலிருந்து ஃபோன்.

"எவ்வளவு மிச்சம்?"

"ஒரு துண்டுதான் ஐயா. மூட்டம் வருது."

"ஒரு துண்டுக்கு இன்னொரு நாளே? நாளைக்கு எலக்ட்ரீசியன் ஏணி கொண்டு வாறான். முடிச்சுவிடுங்கோவன்."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சரிங்க ஐயா" என்றுதான் வந்தது. முடித்தபோது நாலரை. கரண்டியில் பனி முத்து முத்தாக நின்றது.

சுற்றிக் கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டேன். வாச்சருக்குச் சொன்னேன். சமையல்காரருக்குச் சொன்னேன். பெருமாளிடம் மூன்று தடவை சொன்னேன், யாரும் மிதிக்கக்கூடாது, தண்ணீர் படக்கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். சரியாகத்தான் வரும். வரணும்.

16.03, வெள்ளி

என்ன எழுத.

ஆறு மணிக்குப் போனேன். போர்ட்டிகோ முன்னால் கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து கிடந்தது. பாக்கியம் அக்கா குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மஞ்சள் தண்ணீர் வாளி. கோலத்துக்கு அடியிலும் சுற்றிலும் தரை வெள்ளை. பால் திரிந்த மாதிரி, சின்னச் சின்னக் கொப்புளமாக.

"அக்கா, என்ன பண்றீங்க!" என் சத்தத்தில் அவள் கோலமாவைக் கொட்டிவிட்டாள்.

"பங்குனி மொத வெள்ளி தம்பி. புது வாசலு. தண்ணி தெளிக்காம எப்புடி?"

"கயிறு கட்டியிருந்துச்சே!"

"மாடு வராமக் கட்டுனதுனு நெனச்சேன்."

எல்லோருக்கும் சொன்னவன் அவளுக்குச் சொல்லவில்லை. நேற்று மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டாள். எந்த வீட்டிலும் விடிந்ததும் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்காத பொம்பிளை உண்டா? என் வீட்டுக்காரியும்தான் தெளிக்கிறாள். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? வாசல் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. ட்ரைவ்வே, ட்ரைவ்வே என்று பிளான் படத்தைப் பார்த்தே வேலை செய்துவிட்டேன்.

ஆறரைக்கு நானே ஐயாவுக்கு ஃபோன் பண்ணினேன். யாராவது முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள் என்று பயம். சொன்னேன்: "ஐயா, பாக்கியம் தண்ணி தெளிச்சிட்டாங்க. வெள்ளை பாஞ்சிருச்சு."

எந்த இடத்தில் என்று கேட்டார், போர்ட்டிகோ முன்னால் என்றேன். பிறகு: "என்ன விளையாட்டே இது? அந்த மனுசியை இனி வரவேண்டாமெண்டு சொல்லும். நான் ஞாயிறு வந்து பாக்கிறன்."

முதலாளிக்கும் அதையே சொன்னேன். "அப்ப உன் மேல தப்பு இல்ல" என்றார். அப்பாடா என்றிருந்தது. அப்பாடா என்றிருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

சாயங்காலம் நானும் பெருமாளும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். அவன்தான் முதலில் கையை வைத்துக் காட்டினான்.

"அண்ணே, அக்கா தெளிச்சது படிகிட்ட மட்டுந்தானே. அந்த ஓரத்துல ஏன் வெள்ளை? இந்த ஓரத்துல ஏன்?"

வெள்ளை எட்டடியும் இருக்கிறது, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. அது ஆரம்பிக்கிற இடத்தில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. மூன்றே முக்காலுக்குப் போட்ட துண்டின் மூட்டு அது. கையால் தெளித்த தண்ணீர் நூல் பிடித்தா விழும்?

பனி. நாலரைக்கு முடித்தேனே, அந்தப் பனி. அக்கா வருவதற்குப் பன்னிரண்டு மணிநேரம் முன்னாலேயே கெட்டுப்போன வாசல். அவள் தண்ணீர் தெளிக்காவிட்டாலும் காலையில் வெள்ளையாகத்தான் கிடந்திருக்கும்.

பெருமாள் என் முகத்தைப் பார்த்தான். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேண்ணே" என்றான். நான் கேட்கவே இல்லை அதை. செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

17.03, சனி

அக்காவை வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வந்தாள். ஐந்தரைக்கே வந்திருக்கிறாள், தேங்காய்த் தும்பும் சாம்பலும் கொண்டு. நான் எழுந்து போனபோது முட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"தேச்சா போயிரும் தம்பி. கொஞ்சம் மங்கியிருக்கு, பாருங்க."

மங்கவில்லை. நீளவாட்டில் தேய்த்தாள், குறுக்குவாட்டில் தேய்த்தாள். வெள்ளைக்கும் தும்புக்கும் சம்பந்தமே இல்லை. பூட்ஸுக்கும் கல்லுக்கும் அசையாத சாமான் அது, தும்புக்கா அசையும்?

"விடுங்கக்கா. போகாது."

"ஒங்களுக்கு வேலை போயிருமா தம்பி?"

என் வேலையைக் கேட்கிறாள்! கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல். "விடுங்கன்னா விடுங்க, காது கேக்கலையா?" என்று கத்தினேன். சமையல்காரர் எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சத்தம் போடாதீங்க தம்பி. என்னைய நிப்பாட்டச் சொல்லிட்டாங்களா?" என்றாள்.

"அதெல்லாம் இல்ல. ஐயா வந்து பார்ப்பாரு."

பொய். மறுபடி குனிந்து தேய்க்க ஆரம்பித்தாள். நான் உள்ளே போய் உட்கார்ந்து ஐயாவுக்கான தாளை நல்ல கையெழுத்தில் எழுதினேன். தார், கொங்கிரீட், இன்டர்லொக், கிறவல், கருங்கல். வெளியே தும்புச் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. ரெசின் என்ற இடத்தில் எழுதினேன்: இறுகிய பிறகு எளிதில் கெடாது, போடும் நேரத்தில்தான் கெடும், போடுகிறவர் கையில் இருக்கிறது. எழுதிவிட்டு அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரியின் கடைசிப் பகுதியை அடித்துவிட்டு "குளிர்ப் பிரதேசத்தில் கவனம் தேவை" என்று மாற்றினேன். கோழை.

பதினொரு மணி வரை தேய்த்தாள். எழுந்தபோது விரல் கணு நாலும் உரிந்து ரத்தம். கல் அத்தனை சொரசொரப்பு. "ஒண்ணுமில்ல, மஞ்சள் வச்சாச் சரியாயிரும்" என்று முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு ஃபோன் பண்ணினேன். சின்ன மகளுக்கு இருமல். ஸ்கூலுக்குப் போட்டுப் போகப் புதுச் சப்பாத்து கேட்கிறாளாம். அவளிடம் என்ன சொல்வது? முதலாளி முகம், அக்கா கை, முதலாளி முகம். சொல்லிவிடலாம். சொன்னால் கண்டிக்கே திரும்பி வராதே என்பார். சொல்லாவிட்டால் அக்கா வீட்டில் படுக்கையில் கிடக்கிற மனுஷனுக்கு யார் கஞ்சி ஊற்றுவது? இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மடையா.

18.03, ஞாயிறு

நல்ல வெயில். வேண்டாத நாளில்தான் இப்படி அடிக்கும்.

பத்து மணிக்கு ஐயா வந்தார். காரைக் கீழ் வாசலிலேயே நிறுத்திவிட்டு நடந்து ஏறினார். பாதி தூரம் வரை முகத்தில் சந்தோஷம், குனிந்து தடவிக்கூடப் பார்த்தார். போர்ட்டிகோவுக்கு வந்ததும் முகம் மாறியது.

நான் வாயைத் திறப்பதற்குள் பாக்கியம் அக்கா பின்பக்கத்திலிருந்து ஓடிவந்து அவர் காலடியில் விழுந்தாள். "எம்மேலதாங்க தப்பு. தெரியாமத் தெளிச்சிட்டேங்க. இவுகள ஒண்ணும் சொல்லாதீங்க."

"எழும்பும், எழும்பும். என்ன இது, காலிலை விழுந்துகொண்டு." ஐயா பின்னால் நகர்ந்தார். பிறகு அவளைக் கேட்டார்: "எவ்விடத்திலை தெளிச்சனீர்?"

அவள் காட்டினாள், படிக்கு முன்னால், ஒரு பாய் அளவு. ஐயா அந்த இடத்தைப் பார்த்தார். வெள்ளை போகிற தூரத்தைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து மூட்டின் கோட்டில் விரலை வைத்தார்.

"ஐயா, பனி. மூட்டம் இறங்கினதுக்கு அப்புறம் நான்தான் போட்டேன். நிப்பாட்டியிருக்கணும். அவங்க தண்ணியால ஆனது இல்ல."

சொல்லிவிட்டேன். ஆனால் அவர் கோட்டில் விரலை வைத்த பிறகுதான் சொன்னேன். எஞ்சினியர், இன்னும் ஒரு நிமிஷத்தில் அவரே கண்டுபிடித்திருப்பார். நான் முந்தினேனா, மாட்டிக்கொண்ட பிறகு வாயைத் திறந்தேனா? எனக்கே சரியாகத் தெரியவில்லை.

"முடிச்சுவிடுங்கோவன் எண்டு நான்தான் சொன்னது," என்றார் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. "நான் சொன்னா? வேலை தெரிஞ்ச ஆள் நீரெல்லோ? ஏலாது எண்டு சொல்லியிருக்க வேண்டாமே?" வியாழனுக்குள் வெட்டி எடுத்துத் திரும்பப் போடச் சொன்னார். அக்காவிடம், "நீர் வழமைபோல வாரும்" என்றார். என் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தார், படிக்கவில்லை.

அவள் வேலை போகவில்லை. அதுதானே வேண்டும். அந்த நிம்மதி பத்து நிமிஷம்.

பின்பக்கம் தண்ணீர் குடிக்கப் போனேன். அக்கா பைப்படியில், துணி சுற்றின கையோடு நின்றாள்.

"பனியாலதான்னு எப்ப தம்பி தெரியும் ஒங்களுக்கு?"

"வெள்ளிக்கெழம சாயங்காலம்."

"அப்ப நேத்து நான் தேய்க்கையில தெரியும்."

"தெரியும்கா."

திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். பைப்பை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முதலாளிக்கு ஐயாவே ஃபோன் பண்ணியிருக்கிறார். எனக்கு இரண்டே வரி: "பேட்ச்ச முடிச்சுக் குடுத்துட்டு வா. வந்து பேசுவோம்." பேசுவோம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

19.03, திங்கள்

காலை ஏழிலிருந்து உளி. நானும் பெருமாளும். எட்டடித் துண்டு, மத்தியானம் வரை மூன்றடிகூடப் பெயரவில்லை. மேலே பார்த்தால் அழுகின மாதிரி வெள்ளை, உள்ளே இரும்பாய்ப் பிடித்திருக்கிறது சனியன். தார் என்றால் இத்தனை நேரத்தில் ஒரு வீதியே கிளறியிருக்கலாம். கை கொப்பளித்துப்போச்சு. நல்லா வேணும்.

புதுத் துண்டு காலை பத்துக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்குள் முடிப்பது. மூட்டம் வந்தால் யார் ஃபோன் பண்ணினாலும் எடுப்பதில்லை. கல் மறுபடி வறுக்கணும், விறகுக்குச் சொல்லணும்.

பத்து மணிக்கு அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். எனக்கும் சேர்த்துத்தான், சீனியும் சரியாக. பெருமாளிடம், "என்னாடா, கல்லு ஒன்னைய வெட்டுதா, நீ கல்ல வெட்டுறியா?" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். நானும் சிரித்து நிமிர்ந்து பார்த்தேன்.

நான் படிக்கு முன்னால் குந்தியிருந்தேன். தேத்தண்ணித் தட்டோடு உள்ளே போக அவளுக்கு அதுதான் வழி. ஒரு நிமிஷம் நின்றாள். "சுப்பவைசர் ஐயா, கொஞ்சம் வழி விடுறீங்களா" என்றாள்.

விட்டேன்.